ஒரு ஆளுக்கு ரசம்

போன மாசம் பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்ல மாக் இன்டர்வியூ நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? டை கட்டிக்கிட்டு, ஃபைலை மடியில வெச்சுக்கிட்டு, ஏசி இல்லாத செமினார் ஹாலுக்கு வெளியில வரிசையா உட்கார்ந்திருந்தோமே, அதேதான். என் முறை வந்தப்போ வெளியிலிருந்து வந்த ட்ரெய்னர் ரெஸ்யூமைப் புரட்டிப் பார்த்துட்டு, "ஹாபீஸ்ல சமையல்னு போட்டிருக்கீங்களே, இதை எடுத்துடுங்க. ரொம்ப வீட்டுப் பொண்ணு மாதிரி தெரியும்"னு சொன்னார். சரின்னு தலையாட்டினேன். "மியூசிக்கல்ஸ்னு போட்டிருக்கீங்க, பாடுவீங்களா?" "இல்ல சார்." "ஆடுவீங்களா?" "இல்ல சார், பார்ப்பேன்." அவர் பேனாவைக் கீழே வெச்சுட்டார். "பார்க்கிறதெல்லாம் ஹாபியாம்மா? செஸ்னு போடுங்க. யாரும் கேட்க மாட்டாங்க."

இப்போ என் ரெஸ்யூம்ல செஸ் இருக்கு. குதிரை எப்படி நகரும்னு தெரியும், அதுக்கு மேல தெரியாது.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனேன். பெரியம்மா வந்திருந்தாங்க. நான் வத்தக்குழம்பு வெச்சதைச் சாப்பிட்டுட்டு, "பரவாயில்லையே, போற இடத்துல பேர் வாங்கிடுவா"ன்னு அம்மாகிட்ட சொன்னாங்க. அப்புறம் லேப்டாப்ல நான் பார்த்துக்கிட்டிருந்த படத்தைப் பத்து நிமிஷம் பின்னாடி நின்னு பார்த்துட்டு, "எல்லாரும் எதுக்குடி பாடிக்கிட்டே இருக்காங்க? வேலை இல்லையா இதுங்களுக்கு?"ன்னு கேட்டாங்க.

ட்ரெய்னருக்கு சமையல் வேண்டாம், பெரியம்மாவுக்கு அது ஒண்ணு போதும். மியூசிக்கல் ரெண்டு பேருக்குமே வேண்டாம். ஒருத்தர் என்னைக் கம்பெனிக்குத் தயார் பண்றார், இன்னொருத்தர் கல்யாணத்துக்குத் தயார் பண்றாங்க. ரெண்டு பேருமே நல்லவங்க, சந்தேகமே இல்லை. ஆனா இருபத்தோரு வயசுல, கல்யாணம் ஆகாம, இன்னும் வேலைக்கும் போகாம இருக்கிற ஒரு பொண்ணுக்கு ஒரு விஷயம் சும்மா பிடிச்சிருக்கலாம்னு ரெண்டு பேருக்கும் தோணவே இல்லை. என் சண்டை அதோடதான்.

முதல்ல சமையல்.

போன கோடையில ரெண்டு மாசம் அம்பத்தூர்ல இன்டர்ன்ஷிப். கொரட்டூர் பக்கம் ஒரு மொட்டைமாடி அறை கிடைச்சது. தனியா வர்ற பொண்ணுக்கு வீடு தர்றதுக்கு முன்னாடி என்னென்ன கேட்பாங்கன்னு தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவங்க பசங்களா இருப்பீங்க. அப்பா வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கிடைச்சது. கேஸ் கிடையாது, இன்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வெச்சுக்கலாம்னு சொன்னாங்க.

நான் ஊரிலிருந்து அப்பத்தாவோட ஈயச்சொம்பைக் கொண்டுபோயிருந்தேன். ரசம்னா ஈயச்சொம்புல வெச்சாத்தான் ரசம்னு எங்க வீட்ல ஒரு நம்பிக்கை. முதல் நாள் ராத்திரி புளியைக் கரைச்சு ஊத்தி, அடுப்புல வெச்சு, பட்டனைத் தட்டினா, அடுப்பு பீப் பீப்னு கத்துது. பாத்திரமே இல்லைங்கற மாதிரி. அப்போதான் மண்டையில அடிச்ச மாதிரி புரிஞ்சுது. நான் படிக்கிறது ட்ரிபிள் ஈ. ரெண்டாம் வருஷம் மெஷின்ஸ் பேப்பர்ல எடி கரன்ட் லாஸைக் குறைக்க கோரை ஏன் மெல்லிய தகடுகளா அடுக்கறாங்கன்னு பதினாறு மார்க்குக்கு எழுதினவ நான். அங்கே நஷ்டம்னு துரத்தி விடற அதே எடி கரன்ட்தான் இங்கே அடுப்பு. கீழே இருக்கிற காயில்ல வேகமா மாறுற மின்னோட்டம், அதால மாறுற காந்தப்புலம், அது பாத்திரத்தோட அடியில மின்னோட்டத்தைத் தூண்டுது, அந்த மின்தடையில சூடு. காந்தம் ஒட்டற இரும்பு, ஸ்டீல் மாதிரி அடின்னா மின்னோட்டம் மேல்தோலோடயே நின்னுடும், தடை அதிகம், நல்லா சூடாகும். ஈயச்சொம்பு வெள்ளீயம், காந்தம் ஒட்டாது. அலுமினியமும் செம்பும் அப்படித்தான். அடுப்பு அதைப் பாத்திரமா மதிக்காது.

சரி, பக்கத்துல ஒரு ஸ்டீல் பாத்திரம் வாங்கி அதுல ரசத்தை வெச்சு, கடைசியில ஈயச்சொம்புக்கு மாத்திக்கிட்டேன். அப்பத்தா கேட்டிருந்தா திட்டியிருக்கும். ஆனா அப்பத்தா சொன்ன இன்னொரு விஷயத்தோட அர்த்தம் அன்னைக்குத்தான் விளங்குச்சு. "வெறும் சொம்பை அடுப்புல வெக்காத, தண்ணி ஊத்திட்டு வெய்யி, உருகிப் போயிரும்"னு சின்ன வயசுல சொல்லிக்கிட்டே இருக்கும். வெள்ளீயம் சுமார் 232 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். உள்ளே புளித்தண்ணி இருக்கிற வரைக்கும் சொம்பு நூறு டிகிரியை ஒட்டியே நிக்கும், தப்பிச்சிடும். தண்ணி வத்தினா ரசமும் போச்சு, சொம்பும் போச்சு. பள்ளிக்கூடமே போகாத அப்பத்தா சொன்ன பாதுகாப்பு விதி அது. இன்னைக்கு ஒரு ஹீட் ட்ரான்ஸ்ஃபர் கணக்கா போட்டா நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் தப்பா போடுவோம், என்னையும் சேர்த்துத்தான்.

ஒரு ஆளுக்கு ரசம் வெக்கிறது நினைக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. எல்லாரும் எலுமிச்சை அளவு புளின்னுதான் சொல்லித் தருவாங்க. அது ஒரு குடும்பத்துக்கு. ஒருத்திக்கு சின்ன நெல்லிக்காய் அளவு போதும், அதுவே ஒரு நாள் தூக்கலா இருக்கும். ஒரு தக்காளி, மிளகும் சீரகமும் அரை அரை ஸ்பூன், ரெண்டு பல் பூண்டு தோலோட தட்டிப் போடணும். கொஞ்சம் பருப்புத் தண்ணி. நுரை கட்டி விளிம்புக்கு ஏறும்போது அணைச்சிடணும், கொதிக்க விட்டா வாசனை எல்லாம் மாடிக்குப் போய் காக்காவுக்குத்தான் சேரும். முதல் வாரம் நான் வெச்சது வெந்நீர். ரெண்டாவது வாரம் கஷாயம். மூணாவது வாரத்துல ஒரு செவ்வாய்க்கிழமை, கரன்ட் போய் வந்த ராத்திரி, சரியா வந்துச்சு. தட்டுல சாதம் போட்டு, ரசத்தை ஊத்தி, மொட்டைமாடிச் சுவர்ல சாய்ஞ்சு உட்கார்ந்து சாப்பிட்டேன். யாருக்கும் போன் பண்ணலை, படம் எடுக்கலை. ரெண்டாவது தடவையும் ஊத்திச் சாப்பிட்டேன்.

அந்த வீட்டு ஓனரோட அம்மா ஒருநாள் துணி எடுக்க மாடிக்கு வந்தவங்க, தாளிக்கிற வாசனையைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்தாங்க. "யாராவது வர்றாங்களாம்மா?" "இல்ல பாட்டி." "பின்ன யாருக்குச் சமைக்கிற?" "எனக்குத்தான் பாட்டி." அவங்க கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க. "ஒரு ஆளுக்கா இவ்வளவு? நானெல்லாம் வீட்ல யாரும் இல்லைன்னா பழைய சோத்தைத் தின்னுட்டுப் படுத்துருவேன்"னாங்க. குத்தமா சொல்லலை. அம்பது வருஷத்துக்கு மேல தினம் ரெண்டு வேளை சமைச்ச ஒரு மனுஷி, தனக்காக மட்டும் ஒரு நாளும் அடுப்பைப் பத்த வெச்சதில்லைன்னு, ஏதோ நேத்து மழை பெஞ்சுதுங்கற மாதிரி சொல்லிட்டுத் துணியை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாங்க. எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கலை.

உங்க வீட்டையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. எல்லாரும் ஊருக்குப் போன அன்னைக்கு அம்மா என்ன சாப்பிட்டாங்கன்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா?

தமிழ்ல சமையல் புத்தகம்னாலே முதல்ல சொல்றது எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. 1951-ல முதல் பாகம் வந்துச்சு. சின்ன வயசிலேயே கணவரை இழந்த ஒருத்தர் எழுதின புத்தகம் அது. அப்புறம் எத்தனையோ வீடுகள்ல கல்யாணப் பொண்ணுக்குச் சீர்வரிசையோட கொடுத்தனுப்பற புத்தகமா அது மாறிடுச்சு. எனக்கு அந்தத் தலைப்பு ரொம்பப் பிடிக்கும். யாருக்குச் சமைக்கணும்னு அதுல இல்லை. செஞ்சு பாருன்னு மட்டும்தான் இருக்கு, லேப் மேனுவல் மாதிரி.

பசங்களுக்கு இந்தப் பிரச்னை கிடையாது. எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் ரூம்ல பிரியாணி செஞ்சா அவன் செஃப். ஸ்டேட்டஸ்ல நாப்பது பேர் நெருப்பு விடுவாங்க. நான் அதே பிரியாணியைச் செஞ்சா "ரெடி ஆயிட்ட போல"ன்னு கண்ணடிப்பாங்க. (அவன் பிரியாணி நல்லாத்தான் இருக்கும், அது வேற விஷயம்.)

இப்போ பாட்டுக்கு வர்றேன். இதுக்குத்தான் கிண்டல் ஜாஸ்தி.

மியூசிக்கல்னா கதாபாத்திரங்களே நடுவுல பாட ஆரம்பிச்சிடற நாடகம், இல்லைன்னா படம். ஸ்கூல்ல எட்டாம் வகுப்புல 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' போட்டுக் காட்டினாங்க. 1965-ல வந்த படம். பாதி கிளாஸ் தூங்கிடுச்சு, நான் தூங்கலை. அங்கே ஆரம்பிச்சது. அப்புறம் 'சிங்கின் இன் த ரெயின்', 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'மை ஃபேர் லேடி'ன்னு ஹாஸ்டல் வைஃபை விட்ட அளவுக்குப் பார்த்துக்கிட்டே இருக்கேன். 'ஹாமில்டன்' மேடை நாடகத்தோட பதிவு 2020-ல, நாம எல்லாரும் வீட்ல அடைஞ்சு கிடந்தப்போ வந்துச்சு. அமெரிக்காவோட முதல் நிதியமைச்சரைப் பத்தி ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ராப் பாடினா யார் பார்ப்பாங்கன்னு கேட்பீங்க. நான் நாலு தடவை பார்த்தேன்.

"திடீர்னு எதுக்குப் பாடறாங்க, லாஜிக்கே இல்லையே"ன்னு என்னைக் கிண்டல் பண்றவங்க யாருன்னா, ஹீரோயின் கையைப் பிடிச்ச அடுத்த செகண்ட் ஐஸ்லாந்துல நின்னு ஆடற படத்தை விசில் அடிச்சுப் பார்க்கிறவங்க. தமிழ்ப் படத்துக்குப் பொறந்ததுலேர்ந்தே பாட்டுதான் மூச்சு. 1931-ல வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'ல பேச்சைவிடப் பாட்டுக்குத்தான் கூட்டம். 1944-ல வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரோட 'ஹரிதாஸ்' மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளியைப் பார்த்த படம். பாட்டே இல்லாம 1954-ல 'அந்த நாள்' வந்தப்போ அதுதான் அதிசயம். அதனால மியூசிக்கல் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு இல்லை. நம்ம வீட்டுச் சரக்கு, வேற பாட்டில்ல வருது.

ஒரே ஒரு வித்தியாசம்தான், அதுதான் எனக்குப் பிடிச்சது. நம்ம படத்துல பாட்டு வந்தா கதை நிக்கும், எழுந்து போய் பாப்கார்ன் வாங்கிட்டு வரலாம். நல்ல மியூசிக்கல்ல பாட்டு முடியறப்போ பாடின ஆள் மாறியிருப்பார். பாட்டுக்கு முன்னாடி எடுக்காத ஒரு முடிவைப் பாட்டுக்குள்ள எடுத்திருப்பார். பேசி முடியாத ஒரு இடம் வருது, அதுக்கு மேல பேச்சு தாங்காது, அப்போ பாட்டு வருது. அதைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வர்றதில்லை, பொறாமைதான் வருது. வீட்டுல பேச முடியாத விஷயம் நமக்கு எத்தனை இருக்கு? நாம யாரும் பாடறதில்லையே. கதவைச் சாத்திக்கறோம், இல்லைன்னா மெஸ் சாப்பாடு சரியில்லைன்னு பேச்சை மாத்திடறோம்.

போன தீபாவளி லீவுல 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' பார்த்தேன். 1964-ல மேடையில வந்தது, 1971-ல படம். ஷோலம் அலைக்கெம்னு ஒரு எழுத்தாளர் இத்திஷ் மொழியில எழுதின கதைகள்தான் மூலம். 1905 வாக்குல, ஜார் ஆட்சி நடந்த ரஷ்யாவுல, அனடெவ்கான்னு ஒரு யூத கிராமம். டெவ்யேன்னு ஒரு ஏழைப் பால்காரர், அஞ்சு பொண்ணுங்க. ஊர்ல ஒரு தரகர் அம்மா இருக்காங்க, எப்பவும் ஏதாவது ஒரு ஜாதகத்தோட வந்து நிக்கிற நம்ம ஊர் ஆள் மாதிரியே. நான் ஹால்ல பார்த்துக்கிட்டிருந்தேன், அம்மா பக்கத்துல உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருந்தாங்க. தரகர் வந்ததும் அம்மா சிரிச்சுட்டாங்க. "இது யாரு, நம்ம மேலத்தெரு ஆளு மாதிரி இருக்கு?" அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நான் நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னேன்.

மூத்தவளுக்கு வயசான, வசதியான கறிக்கடைக்காரரைப் பேசி முடிக்கறாங்க. அவ அழுது, தான் விரும்பின தையல்காரனைக் கட்டிக்கிறா. அப்பா ஒரு பொய்க் கனவைச் சொல்லி மனைவியைச் சம்மதிக்க வெக்கிறார். அம்மா அதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ரெண்டாவது பொண்ணு ஒரு புரட்சிக்காரப் பையனை விரும்பி, "அனுமதி கேட்கலை, ஆசீர்வாதம் மட்டும் கொடுங்க"ங்கற மாதிரி வந்து நிக்கிறா. டெவ்யே முனகிக்கிட்டே அதுக்கும் ஒத்துக்கிறார். "பரவாயில்லையே, நல்ல அப்பா"ன்னாங்க அம்மா. மூணாவது பொண்ணு சாவா. அவ விரும்பறது வேற மதத்துப் பையனை. அங்கே டெவ்யே ஒத்துக்க மாட்டார். அவ அவனோட போய்க் கல்யாணம் பண்ணிக்கிறா. அப்பா, இனிமே அவ செத்துட்டாங்கற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிறார். அவ பின்னாடியே வந்து கெஞ்சுறா.

அம்மா கத்தியைக் கீழே வெச்சுட்டாங்க.

எனக்கு ஒரு சித்தி இருக்காங்க. இருக்காங்கன்னு பத்தாவது படிக்கும்போதுதான் எனக்குத் தெரியும். வேற சாதியில கட்டிக்கிட்டாங்க. அதுக்கு மேல எங்க வீட்ல யாரும் பேச மாட்டாங்க, ஆல்பத்துல ஒரு போட்டோவுல பாதியைக் கத்தரிச்சிருக்கும். அன்னைக்குப் படம் ஓடிக்கிட்டிருக்கும்போதே, திரையைப் பார்த்துக்கிட்டே, அம்மா சொன்னாங்க: "உங்க தாத்தா செத்த அன்னைக்கு அவ வந்தா. யாரும் உள்ளே கூப்பிடலை. வாசல்லயே நின்னு பார்த்துட்டுப் போயிட்டா. நல்ல வெயிலு. நான் ஒரு சொம்புத் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்." அப்புறம் பீன்ஸை எடுத்துக்கிட்டு அடுக்களைக்குப் போயிட்டாங்க. படத்தோட கடைசியில ஊரையே காலி பண்ணச் சொல்றாங்க, எல்லாரும் கிளம்பறாங்க, சாவா விடை சொல்ல வந்து நிக்கிறா. அப்பா நேராப் பேச மாட்டார். மூத்தவகிட்ட முணுமுணுப்பார், அவ அதை வாங்கி உரக்கச் சொல்லுவா. அதை அம்மாவுக்குச் சொல்ல அடுக்களைக்குப் போனேன். கேட்டுக்கிட்டே தாளிச்சாங்க, ஒண்ணும் சொல்லலை. ரெண்டு வாரம் கழிச்சு போன்ல, ஃபீஸ் பத்திப் பேசிக்கிட்டிருக்கும்போது, "அந்தப் படத்துல மூணாவது பொண்ணு, அப்புறம் திரும்பி வந்தாளா?"ன்னு கேட்டாங்க. படம் அதைச் சொல்லலைம்மான்னேன்.

மியூசிக்கலால இவ்வளவு பயன் இருக்கு பாருங்கன்னு நிரூபிக்கிறதுக்காக இதை எழுதலை. அப்படி எழுதினா நானும் அந்த ட்ரெய்னர் கட்சிக்குப் போயிடுவேன். பிடிச்சதைப் பார்த்துக்கிட்டிருந்தேன், பக்கத்துல அம்மா இருந்தாங்க, அவ்வளவுதான். நான் அன்னைக்கு ஆப்டிட்யூட் கணக்கு போட்டுக்கிட்டிருந்தா அம்மா வந்து உட்கார்ந்திருக்க மாட்டாங்க.

இனிமே நம்ம கேம்பஸ் விஷயம்.

எங்க ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே கோயில் திருவிழான்னா ஸ்பெஷல் நாடகம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதின 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' மாதிரி நாடகங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கும். ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், ஓரத்துல எல்லாச் சத்தத்துக்கும் ஒரே ஆளா ஆல்ரவுண்ட்காரர். பபூன் வந்து ஊரையே கிண்டல் பண்ணுவார். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வேற வேற ஊர்லேர்ந்து தனித்தனியா வருவாங்க, சேர்ந்து ஒத்திகையே பார்த்திருக்க மாட்டாங்க, அன்னைக்கு மேடையிலதான் சந்திப்பாங்க. பாட்டும் வசனமும் ஏற்கெனவே எல்லாருக்கும் மனப்பாடம், மிச்சத்தை அங்கேயே மோதிப் பார்த்துக்குவாங்க. நம்ம ஊர் மியூசிக்கல் இதுதான். பிராட்வேக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், பாய் எடுத்துட்டுப் போனா போதும்.

அதுல வள்ளி யாருன்னு யோசிச்சுப் பாருங்க. தினைப்புனத்துல பரண் மேல நின்னு குருவி விரட்டற பொண்ணு. வயசுப் பொண்ணு, கல்யாணம் ஆகாதவ. நாரதர் வந்து கல்யாணப் பேச்சை எடுப்பார், அவ சட்டுனு ஒத்துக்க மாட்டா. தர்க்கம் நடக்கும். நல்ல ஸ்திரீபார்ட் அமைஞ்சா அந்தத் தர்க்கம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல போகும், நாரதருக்கு வேர்க்கும். நாடகத்தோட பேரே திருமணம், முடிவு எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அந்த ஒரு மணி நேரம் பாயில உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்க யாரும் தூங்க மாட்டாங்க. எங்க அப்பத்தா அந்தத் தர்க்கத்துக்காகவே மூணு ஊர் தள்ளி நடந்து போகும்.

நம்ம காலேஜ்லேர்ந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்துல அடுத்த சனிக்கிழமை 'வள்ளி திருமணம்'. மெயின்ரோடு டீக்கடையில போஸ்டர் ஒட்டியிருக்காங்க, பசங்க பார்த்திருப்பீங்க. லேடீஸ் ஹாஸ்டல் இன்-டைம் ஆறரை. மென்ஸ் ஹாஸ்டலுக்கு ஒன்பதரை, அதையும் யாரும் எண்ணறதில்லை.

பாதுகாப்புன்னு சொல்லுவாங்க. அது வெறும் சாக்கு இல்லைன்னு எனக்கும் தெரியும். ஹைவேயிலிருந்து கேட் வரைக்கும் ரோட்டுல பாதி லைட் எரியறதில்லை. கடைசி டவுன் பஸ் எட்டே முக்காலுக்குப் போயிடும். ஆனா லைட் எரியலைன்னா பல்பை மாத்தணும், பொண்ணுங்களைப் பூட்டக் கூடாது. இது நானா சொல்றது இல்லை. கல்வி நிலையங்கள்ல பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க யு.ஜி.சி. கொண்டுவந்த 2015 விதிமுறைகள்ல, பெண் மாணவர்களோட பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை ஹாஸ்டல்ல அவங்க மேல போடக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. நம்ம நோட்டீஸ் போர்டுல ஃபைன் லிஸ்ட் இருக்கு, இது இல்லை.

இன்னொண்ணையும் கேளுங்க. சிம்போசியத்துக்கு முந்தின ராத்திரி, மேடைக்குப் பின்னாடி தெர்மாக்கோல் வெட்டிக்கிட்டு, வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு நாங்க பன்னெண்டு பொண்ணுங்க பதினொன்றரை வரைக்கும் வெளியில இருந்தோம். அன்னைக்கு இருட்டு இல்லையா? பாம்பு இல்லையா? பெர்மிஷன் லெட்டர் கூட யாரும் கேட்கலை, ஏன்னா அது காலேஜுக்கு உபயோகம். உபயோகமான ராத்திரின்னா நாங்க பத்திரமா இருப்போம், பிடிச்ச ராத்திரின்னா ஆபத்து வந்துடும் போல.

ஹாஸ்டல் கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கோம். 112 கையெழுத்து. பெருசா ஒண்ணும் கேட்கலை. ரெண்டு ஹாஸ்டலுக்கும் ஒரே இன்-டைம். அது முடிவாகற வரைக்கும் மாசத்துக்கு ஒரு ராத்திரி, பேர் எழுதிக் கொடுத்து, குழுவா, காலேஜ் பஸ்லயே போயிட்டு வர அனுமதி. வார்டன் மேடம் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. "எங்க ஊர்லயும் நாடகம் போடுவாங்க, நான் சின்னப் பிள்ளையில பார்த்தது"ன்னாங்க. அப்புறம், "மேல கேட்கணும்மா"ன்னாங்க. மேலன்னா எதுவரைக்கும் மேலன்னு எனக்குத் தெரியலை.

கையெழுத்துப் போடாதவங்க இன்னும் போடலாம், மெஸ் வாசல்ல ஷீட் இருக்கு. பசங்களும் போடலாம், 112-ல உங்களுது ஒன்பதுதான். நாடகம் பார்க்கணும்னு ஆசை இல்லாட்டியும் பரவாயில்லை, உங்களுக்கு ராத்திரி டர்ஃப்ல கிரிக்கெட் ஆடப் பிடிச்சிருக்குமே, அதை நினைச்சுப் போடுங்க.

பஸ் கிடைச்சா பஸ்ல. கிடைக்கலைன்னா, கார்டியன் கூட வந்தா அவுட்பாஸ் தரலாம்னு விதி இருக்கு, படிச்சுப் பார்த்துட்டேன். எங்க அம்மா சனிக்கிழமை மத்தியானம் வர்றாங்க. உங்களுக்காக இல்லை, அவங்களுக்கே பார்க்கணுமாம். கல்யாணத்துக்கு முன்னாடி, சித்தியோட ஒரே பாயில உட்கார்ந்து பார்த்ததாம், போன்ல சொன்னாங்க. உங்க வீட்ல போன் பண்ணி அனுமதி வாங்கிட்டா அம்மாவோட பொறுப்புல எத்தனை பேரை அனுப்புவாங்கன்னு மேடம்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். பாய் கொண்டுவாங்க, பனி இறங்கும், ஒரு துண்டும் எடுத்துக்குங்க. புளியோதரை எங்க வீட்டுது. புளிக்காய்ச்சலை முதல் நாளே காய்ச்சணும்னு அம்மா சொல்றாங்க, அதனால எத்தனை பேர்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.